வேலூர் பக்கம் செகண்ட்ஹேண்ட் சர்ஃபேஸ்: எந்த வருஷத்து மாடல் வாங்கலாம்?

மேல்விஷாரம்_லெட்ஜர்

எல்லோருக்கும் வணக்கம். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வாரத்தில் பாதி நாள் மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று தோல் கம்பெனிகளுக்குப் போக வேண்டும். குடோனில் நின்றபடியே ஸ்டாக்கைக் குறிக்க வேண்டும், பிறகு எங்காவது உட்கார்ந்து டேலியில் ஏற்ற வேண்டும். 20-ஆம் தேதி நெருங்கினால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி ரிட்டர்ன் போட வேண்டும். இப்போதிருக்கிற லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆம்பூர் பஸ்ஸில் நின்று போனால் அன்றைக்கு இரவு கழுத்து திரும்பாது.

பழைய கம்ப்யூட்டர் விற்கிற ஒருவர், பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிட்ட சர்ஃபேஸ் ப்ரோ 4 (மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் டேப்லெட்) கீபோர்டோடு இருக்கிறது என்கிறார். அதே கடையில் ப்ரோ 7-உம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே முதுகு ஸ்டாண்டு, அதே அளவுத் திரை, அதே காந்த சார்ஜர். ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல். எதற்கு இவ்வளவு வித்தியாசம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆபீசர்ஸ்லைன்_ஸ்க்ரூடிரைவர்

ப்ரோ 4 வேண்டாம். கீபோர்டு சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனிநபர்களுக்குக் கூடுதலாக ஒரு வருஷப் பாதுகாப்பு அப்டேட் கொடுத்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சிப் வேண்டும். ப்ரோ 4-இல் இருப்பது ஆறாம் தலைமுறை. அடுத்து 2017-இல் வந்த, பெயரில் எண்ணே இல்லாத ‘சர்ஃபேஸ் ப்ரோ’வில் ஏழாம் தலைமுறை. இரண்டும் வேலிக்கு வெளியே. ப்ரோ 6-இலிருந்துதான் உள்ளே வருகிறது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஊரார் வரிக் கணக்கை வைத்துக்கொண்டு அந்த வேலை செய்யாதீர்கள்.

வாலாஜா_ஐபேட்

எதற்கு இந்தத் தலைவலி? ஐபேட் வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருள் கம்பெனி மென்பொருளோடு நின்றிருக்க வேண்டும். சர்ஃபேஸ் ஆர்.டி. என்று ஒன்றைச் செய்து விற்காமல் தேங்கிப்போய், 2013 ஜூலையில் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்களே, மறந்துவிட்டதா?

மேல்விஷாரம்_லெட்ஜர்

ஐபேடில் டேலி ஓடுமா அண்ணா? டோக்கன் வேலை செய்யுமா? விண்டோஸ் இல்லாமல் எனக்குப் பிழைப்பு இல்லை.

வடஆற்காடு_89

வாலாஜா தம்பி சொன்ன நஷ்டம் உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொன்னால் கதை பாதியில் நிற்கும். நான் இந்த வரிசையை ஆரம்பத்திலிருந்தே கவனித்து வருகிறேன். (89 என்னவென்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் மாவட்டத்தைப் பிரித்த வருஷம். அதற்குப் பிறகும் பிரித்துவிட்டார்கள், அது வேறு இழை.)

டேப்லெட் என்றால் ஆப்பிளைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் ஓடி வந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அது தவறு. 2001 நவம்பரிலேயே பில் கேட்ஸ் மேடையில் டேப்லெட் பிசியைக் காட்டி, ஐந்து வருஷத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கிற கம்ப்யூட்டர் இதுவாகத்தான் இருக்கும் என்றார். மறு வருஷம் விண்டோஸ் எக்ஸ்பி-யின் டேப்லெட் பதிப்பு வந்தது. பெட்டியை ஏசர், காம்பேக் போன்றவர்கள் செய்தார்கள். கனம், விலை, பேனா இல்லாமல் தொட்டால் நகராத திரை. ஓடவில்லை. 2010 ஜனவரியில் அப்போதைய மைக்ரோசாஃப்ட் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் எச்பி ஸ்லேட் டேப்லெட்டைக் கையில் தூக்கிக் காட்டினார். அதே மாதக் கடைசியில் ஐபேட் அறிவிப்பு வந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். இரண்டு திரை கொண்ட கூரியர் என்ற திட்டத்தையும் அந்த ஏப்ரலில் கைவிட்டார்கள்.

இன்னொன்று. முதல் ‘சர்ஃபேஸ்’ டேப்லெட்டே இல்லை, டீப்பாய்! 2007-இல் அறிவித்தார்கள். மேசைக்குள் அகச்சிவப்புக் கேமராக்களை வைத்து, மேலே கண்ணாடியில் கை எங்கே படுகிறது என்று பார்க்கிற யந்திரம். விலை 10,000 டாலர் வாக்கில். ஓட்டல், கடை, சூதாட்ட விடுதி என்று வைத்தார்கள். 2012-இல் டேப்லெட்டுக்குப் பெயர் தேவைப்பட்டபோது மேசைக்குப் பிக்சல்சென்ஸ் என்று புதுப் பெயர் வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டார்கள்.

2012 ஜூன் 18, லாஸ் ஏஞ்சலஸ். அறிவிப்பு மேடையில் விண்டோஸ் பிரிவுத் தலைவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி கையில் இருந்த டேப்லெட் உறைந்துபோய், ஓடிப் போய் வேறொன்றை எடுத்து வந்தார். அந்த வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது. அன்றைக்கு அறிவித்தது இரண்டு. ஒன்று ஏ.ஆர்.எம். (போன்களில் இருக்கிற வகை) சிப்பில் ஓடுகிற ஆர்.டி., இன்னொன்று இன்டெல்லில் ஓடுகிற ப்ரோ. இத்தனை வருஷமாக விண்டோஸை வாங்கிப் பெட்டி செய்து விற்ற கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஏசர் தலைவர் வெளிப்படையாகவே ‘இரண்டு தடவை யோசியுங்கள்’ என்று எச்சரித்தார்.

பாகாயம்_ஹாஸ்டல்

ஆர்.டி. ஏன் அவ்வளவு மோசமாகத் தோற்றது சார்? சிப் மெதுவாக இருந்ததாலா?

வடஆற்காடு_89

என்விடியா டெக்ரா 3, 2 ஜிபி ராம். மெதுதான். ஆனால் அது இரண்டாவது காரணம்.

பார்க்க விண்டோஸ். டெஸ்க்டாப் இருந்தது, கீழே டாஸ்க்பார் இருந்தது, வேர்டும் எக்செலும் கூடவே வந்தன. ஆனால் வாங்கியவர் தன் வீட்டு சி.டி.யிலிருந்தோ இணையத்திலிருந்தோ எதையாவது நிறுவப் போனால் முடியாது. ஸ்டோரில் உள்ளது மட்டும்தான். ஸ்டோரிலோ அப்போது ஒன்றும் இல்லை. பிரியாணி என்று போர்டு போட்டு குஸ்கா வைத்த கதை. குஸ்கா என்றே போர்டு போட்டிருந்தால் ஆள் வந்து சாப்பிட்டிருப்பான். விலையும் 499 டாலர், அதிலும் கீபோர்டு தனி.

2013 பிப்ரவரியில் வந்த முதல் ப்ரோவில் முழு விண்டோஸ் இருந்தது. ஆனால் 900 கிராம், 10.6 அங்குலத் திரை, ஒரே கோணத்தில் நிற்கிற ஸ்டாண்டு. மடியில் வைத்தால் கவிழ்ந்துவிடும். அந்த வருஷக் கடைசியில் இரண்டாம் தலைமுறை வந்தபோது ஸ்டாண்டுக்கு இரண்டாவது கோணம் கிடைத்தது. அதைக்கூடப் பெரிய செய்தியாகச் சொன்னார்கள்.

ஆம்பூர்_பேட்டர்ன்

நான் ஷூ அப்பர் டிசைன் செய்கிறவள். பேனாவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

முதல் இரண்டு ப்ரோவில் வாகாம் (Wacom) கம்பெனியின் பேனாத் தொழில்நுட்பம், 1024 அழுத்த நிலைகள், பேனாவுக்குள் பேட்டரியே கிடையாது. வரைகிறவர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. திரையின் ஓரத்துக்குப் போனால் மட்டும் கோடு கொஞ்சம் விலகும். 2014-இல் ப்ரோ 3 வந்தபோது என்-ட்ரிக் என்ற வேறு தொழில்நுட்பத்துக்கு மாறினார்கள். அழுத்த நிலை 256 ஆகக் குறைந்தது. வாகாம் இருந்தால்தான் ஓவியர்களுக்கு மரியாதை என்று அப்போது பெரிய கூச்சல். எனக்கு அந்தக் கூச்சல் அர்த்தமில்லாததாகத்தான் பட்டது. எண் குறைந்தாலும் பேனா முனைக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிட்டது, ஓரத்திலும் கோடு நேராக வந்தது. அச்சின் மேல் தையல் கோடு போடுகிறவளுக்கு அதுதான் வேண்டும். மறு வருஷம் ப்ரோ 4-இல் 1024 திரும்பி வந்தது, 2017-இல் 4096 ஆகி, பேனாவைச் சாய்த்தால் கோடு அகலமாவதும் சேர்ந்தது. என்-ட்ரிக்கின் தொழில்நுட்பத்தையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது.

ஒரு எரிச்சல் உண்டு. அந்தக் காலப் பேனாக்களுக்குப் போடுகிற நான்கு ‘ஏ’ (AAAA) பேட்டரி. ஆம்பூரில் எந்தக் கடையில் கேட்டாலும் மூன்று ‘ஏ’ (AAA) எடுத்துக் கொடுத்துவிட்டு இதுதான் சின்னது என்பார்கள். 2019-இல் ப்ரோ எக்ஸோடு வந்த தட்டைப் பேனா கீபோர்டு மடிப்புக்குள்ளேயே படுத்து சார்ஜ் ஆகும். பேனாவுக்காக வாங்குகிறவர்கள் அதற்குப் பிறகு வந்த 13 அங்குல மாடல்களைப் பாருங்கள். இன்னொன்று, ப்ரோ 3-க்கும் 4-க்கும் பேனா பெட்டியிலேயே வந்தது. 2017-இலிருந்து தனி விலை. செகண்ட்ஹேண்டில் பேனா இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வடஆற்காடு_89

நன்றி மேடம். ப்ரோ 3-ஐப் பற்றிச் சரியான இடத்தில் வந்தீர்கள்.

2014 மே 20, நியூயார்க். எல்லோரும் எதிர்பார்த்தது சின்ன சர்ஃபேஸ் மினி. கடைசி நேரத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு கடைசி நேரம் என்றால், ப்ரோ 3-இன் கையேட்டிலேயே மினியின் பெயர் நீக்கப்படாமல் கிடந்தது. அதற்குப் பதிலாக சர்ஃபேஸ் பிரிவுத் தலைவர் பனோஸ் பனாய் பெரியதை எடுத்து வந்தார். 12 அங்குலம், 800 கிராம், எந்தக் கோணத்திலும் நிற்கிற ஸ்டாண்டு, 3-க்கு 2 என்ற விகிதத்தில் திரை.

அந்த விகிதம்தான் இந்த வரிசையைக் காப்பாற்றியது என்பேன். முந்தைய 16-க்கு 9 திரை சினிமா பார்க்க நல்லது, நிமிர்த்திப் பிடித்தால் ஒல்லியாக, வேலைக்கு ஆகாது. 3-க்கு 2 ஏறக்குறைய ஒரு தாள். எக்செலில் கூடுதலாகச் சில வரிகள் தெரியும், நிமிர்த்தினால் பில் புத்தகம் போல் இருக்கும். அப்போது லேப்டாப் கம்பெனிகள் எல்லாம் அகலத் திரையில் இருந்தன. இன்றைக்குப் பாருங்கள், எத்தனை பேர் உயரமான திரைக்குத் திரும்பிவிட்டார்கள்.

லெட்ஜர் தம்பி கேட்டதற்கு இதுதான் பதில். 2014-க்குப் பிறகு உருவம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. அதனால்தான் உங்களுக்கு ப்ரோ 4-உம் 7-உம் ஒன்றாகத் தெரிகிறது.

வாலாஜா_ஐபேட்

அதைத்தான் நானும் சொல்கிறேன். பத்து வருஷமாக ஒரே அச்சு.

ஆபீசர்ஸ்லைன்_ஸ்க்ரூடிரைவர்

வெளியே ஒரே அச்சு. உள்ளே இல்லை. நாங்கள் திறந்து பார்க்கிறவர்கள்.

முதல் ப்ரோவை, கருவிகளைப் பிரித்து மார்க் போடுகிற ஐஃபிக்ஸிட் தளம் பிரித்துப் பார்த்துவிட்டு, பழுது பார்க்கும் வசதிக்குப் பத்துக்கு ஒரு மார்க் கொடுத்தது. 90-க்கு மேல் ஸ்க்ரூ, திரை முழுக்கப் பசை. அடுத்தடுத்த மாடல்களில் ஸ்க்ரூ குறைந்தது, பசை போகவில்லை. பேட்டரி மாற்ற வேண்டுமா? திரையைச் சூடு காட்டி, பசையை இளக்கி, மெல்லிய கண்ணாடியைத் தூக்க வேண்டும். விரிசல் விட்டால் பேட்டரி விலையோடு திரை விலையும் சேரும். வாடிக்கையாளரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் கை வைப்போம்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ப்ரோ 4-இல் எஸ்.எஸ்.டி. (டேட்டா இருக்கிற சேமிப்புத் துண்டு) தனித் துண்டாக, கழற்றக்கூடியதாக இருந்தது, பசைத் திரைக்கு அடியில் என்றாலும். 2017 மாடலில் அதையும் போர்டோடு சாலிடர் செய்துவிட்டார்கள். ப்ரோ 6, ப்ரோ 7 வரை அப்படித்தான். போர்டு போனால் டேட்டாவும் போச்சு. அந்தக் காலத்தில் அமெரிக்க நுகர்வோர் பத்திரிகை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், சர்ஃபேஸ் எதையும் பரிந்துரைக்க மாட்டோம் என்று 2017 ஆகஸ்டில் கைவிரித்தது. இரண்டு வருஷத்துக்குள் நான்கில் ஒன்று கோளாறாகும் என்பது அவர்கள் கணிப்பு. மறு வருஷம் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

திருப்பம் 2019-இல் ப்ரோ எக்ஸில் வந்தது. முதுகு ஸ்டாண்டைத் தூக்கினால் அதற்கு அடியில் சின்ன மூடி. ஊசியால் அழுத்தினால் திறக்கும், உள்ளே ஒரே ஸ்க்ரூவில் எஸ்.எஸ்.டி. 2230 என்பார்கள், 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம். ஐஃபிக்ஸிட் மார்க் ஆறுக்கு ஏறியது. 2021 ஜனவரியில் கம்பெனிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் மட்டும் என்று ப்ரோ 7+ வந்தபோது அந்த மூடி இன்டெல் மாடலுக்கும் வந்துவிட்டது. பிறகு ப்ரோ 8, 9, 11-இலும் உண்டு. 2021-இல் பங்குதாரர் அமைப்பு ஒன்று பழுதுபார்க்கும் உரிமை என்று நெருக்கிய பிறகு, உதிரிபாகம், சர்வீஸ் கையேடு எல்லாம் வெளியே வர ஆரம்பித்தன. 2024-இன் ப்ரோ 11-க்கு ஐஃபிக்ஸிட் பத்துக்கு எட்டு கொடுத்தது. ஒன்றிலிருந்து எட்டு. இந்த வரிசையில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். விளம்பரத்தில் இது வராது.

வடஆற்காடு_89

திரை விகிதத்தை விடவா?

ஆபீசர்ஸ்லைன்_ஸ்க்ரூடிரைவர்

புதிதாக வாங்குகிறவருக்குத் திரை விகிதம். இரண்டாவது கையாக வாங்குகிற நமக்கு அந்த மூடி. வேலூரில் புது சர்ஃபேஸ் எத்தனை பேர் வாங்குகிறார்கள் சார்? முதல் சில மாடல்கள் இந்தியாவுக்கு முறையாக வரவே இல்லை. 2016 ஜனவரியில் ப்ரோ 4 வந்தபோது ஆரம்ப விலை 89,990, கீபோர்டு இல்லாமல். நம் ஊருக்கு வருவதெல்லாம் பெங்களூரு, சென்னை கம்பெனிகளில் மூன்று வருஷம் உழைத்துக் கழிந்ததுதான். அதை நாம் இன்னும் நான்கு வருஷம் ஓட்ட வேண்டும்.

பாகாயம்_ஹாஸ்டல்

ப்ரோ 4-இல் திரை ஆடும் என்கிறார்களே, அது உண்மையா?

ஆபீசர்ஸ்லைன்_ஸ்க்ரூடிரைவர்

உண்மை, எல்லாவற்றிலும் இல்லை. சூடேறினால் திரை துடிக்கும். அமெரிக்காவில் சிலர் ஃப்ரீசரில் வைத்துக் குளிரூட்டிப் பயன்படுத்தியதாகப் பத்திரிகையில் வந்தது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு, வாங்கி மூன்று வருஷத்துக்குள் இருந்தால் மாற்றித் தந்தது. இப்போது அந்தக் கெடு எல்லாம் முடிந்த கதை. ப்ரோ 3-இல் ஒரு வகை பேட்டரி திடீரென்று கொள்ளளவு குறைந்ததாகக் காட்டியது வேறு. அது 2016-இல் ஃபர்ம்வேர் கொடுத்ததும் சரியானது.

சூடு என்றதும் சொல்கிறேன். சர்ஃபேஸுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் வெப்ப எல்லை 0-விலிருந்து 35 டிகிரி. நம் ஊரில் கத்திரி வெயிலில் நிழலிலேயே 41, 42. எந்த லித்தியம் பேட்டரிக்கும் இந்தச் சூடு ஆகாது. நிறுத்திய காரில், பைக் பெட்டியில் வைக்காதீர்கள். நாள் முழுக்க சார்ஜரிலேயே போட்டு வைக்கிறவர்கள், யூ.இ.எஃப்.ஐ. (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) அமைப்புக்குள் போய் பேட்டரி லிமிட்டை ஆன் செய்தால் 50 சதவீதத்தோடு நின்றுவிடும். பேட்டரி உப்பினால் முதலில் திரையைத்தான் தூக்கும். வாங்கும்போது விளிம்பு நான்கு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள்.

குடியாத்தம்_டீச்சர்

சின்னதைப் பற்றியும் பேசுங்கள். 2018-இல் வந்த சர்ஃபேஸ் கோ ஒன்று என்னிடம் இருக்கிறது. 10 அங்குலம், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பாடக் குறிப்பு, வினாத்தாள் எல்லாம் இதில்தான். தமிழ்99 கீபோர்டு அமைப்பு விண்டோஸ் 10-க்குள்ளேயே வந்துவிடுவதால் தனியாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. இரண்டு வகை வந்தது. 4 ஜிபி ராமும் 64 ஜிபி இஎம்எம்சி-யும் (எஸ்.எஸ்.டி.யை விட மெதுவான சேமிப்பு) ஒன்று, 8 ஜிபியும் 128 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் மற்றொன்று. முதல் வகையை யாரும் வாங்க வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் பற்றாது. ஆனால் என்னுடையதும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. 2020-இல் வந்த கோ 2 இருக்கிறது.

ஆபீசர்ஸ்லைன்_ஸ்க்ரூடிரைவர்

சரியாகச் சொன்னீர்கள் டீச்சர். அதற்கு முன்பு 2015-இல் சர்ஃபேஸ் 3 என்று ஒன்று வந்தது. ஆட்டம் சிப், முழு விண்டோஸ். ஆர்.டி. செய்த தவறை அதில் திருத்தினார்கள், ஆனால் அடுத்த வருஷமே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். சின்ன சர்ஃபேஸுக்கு எப்போதும் இந்த நிலைதான், ஒன்று வரும், பிறகு ஆளைக் காணோம்.

பாகாயம்_ஹாஸ்டல்

கோ வாங்குவதை விட ப்ரோ எக்ஸ் இப்போது நல்ல விலைக்குக் கிடைக்கிறது. ஒல்லியாக, அழகாக, சிம் போடலாம். அந்த எஸ்.எஸ்.டி. மூடியும் இருக்கிறது. லெட்ஜர் அண்ணா ஏன் அதை வாங்கக் கூடாது?

வடஆற்காடு_89

தம்பி, இங்கேதான் ஆர்.டி.யின் ஆவி வருகிறது.

ப்ரோ எக்ஸில் இருப்பது குவால்காமோடு சேர்ந்து செய்த எஸ்.க்யூ.1, ஏ.ஆர்.எம். சிப். ஆர்.டி. போல் கதவை மூடிவிடவில்லை, இன்டெல்லுக்கு எழுதிய மென்பொருளை இடையில் மாற்றி ஓட்டியது. ஆனால் வந்த புதிதில் 32-பிட் மட்டும். 64-பிட்டுக்கு விண்டோஸ் 11 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓடுவதும் இழுத்து இழுத்து ஓடும். ப்ரோ 9-இல் (2022) ஒரே பெயரில் இன்டெல் ஒன்று, ஏ.ஆர்.எம். ஒன்று என்று இரண்டையும் விற்றார்கள். செகண்ட்ஹேண்ட் விளம்பரத்தில் ப்ரோ 9 என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

2024 மே மாதம் அறிவித்த ப்ரோ 11-இல் ஸ்னாப்டிராகன் எக்ஸ். இதில்தான் முதல் தடவையாக ஏ.ஆர்.எம். வேகம் பேசும்படி இருந்தது. இடையில் மாற்றித் தரும் பகுதியையும் பிரிசம் என்று புதிதாக எழுதினார்கள். 2012-இல் ஆர்.டி.யில் செய்ய நினைத்ததை அடைய பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. பனோஸ் பனாய் அதைப் பார்க்க அங்கே இல்லை, 2023 செப்டம்பரிலேயே கிளம்பி அமேசானுக்குப் போய்விட்டார்.

ஆபீசர்ஸ்லைன்_ஸ்க்ரூடிரைவர்

அதோடு லெட்ஜருக்கு முக்கியமானது ஒன்று. ஆப்பை மாற்றி ஓட்டலாம், டிரைவரை முடியாது. பிரின்டர், கையெழுத்து டோக்கன், பழைய ஸ்கேனர் இதற்கெல்லாம் ஏ.ஆர்.எம்.-க்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். உங்கள் டோக்கன் கம்பெனி அதைத் தருகிறதா என்று பார்க்காமல் ஏ.ஆர்.எம். பக்கம் போகாதீர்கள். 20-ஆம் தேதி சாயங்காலம் டோக்கனைச் செருகிவிட்டு எனக்கு போன் போட்டுப் பயனில்லை.

ஆம்பூர்_பேட்டர்ன்

எங்கள் தொழிலிலும் அதே பிரச்சினை. கட்டிங் மெஷினோடு பேசுகிற மென்பொருள், லைசென்ஸ் டாங்கிள் எல்லாம் இன்டெல் காலத்தது. வரைவதற்கு ப்ரோ 11-இன் ஓலெட் திரை அற்புதம். வேலைக்கு இன்டெல்தான்.

வாலாஜா_ஐபேட்

ப்ரோ 11-இல் நீங்கள் செய்வதையெல்லாம் படம் பிடித்து வைத்துக்கொள்கிற வசதி இருக்கிறதாமே? ஆடிட்டர் ஆபீஸுக்கு ரொம்பப் பொருத்தம் போங்கள்.

வடஆற்காடு_89

ரீகால். 2024 மே மாதம் அறிவித்தவுடன் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள், தள்ளிப் போட்டு 2025 ஏப்ரலில்தான் பரவலாகக் கொடுத்தார்கள். நாமாக ஆன் செய்தால்தான் வேலை செய்யும். அதற்குத் தேவையான செயற்கை நுண்ணறிவுச் சிப் பழைய மாடல்களில் இல்லாததால் லெட்ஜர் தம்பிக்கு அந்தக் கவலையே இல்லை. கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி. வாடிக்கையாளர் கணக்கைத் திறந்து வைக்கிறவர்கள் அதை ஆன் செய்யவே கூடாது.

மேல்விஷாரம்_லெட்ஜர்

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. இப்போது ப்ரோ 6, 7, 7+, 8 நான்கில் குழம்புகிறேன். ப்ரோ 8 ஒன்று பார்த்தேன், 13 அங்குலம், அழகாக இருக்கிறது.

ஆபீசர்ஸ்லைன்_ஸ்க்ரூடிரைவர்

ப்ரோ 8 நல்ல மாடல். திரை 120 ஹெர்ட்ஸ், இரண்டு தண்டர்போல்ட் (சி வகைத் துளை). ஆனால் பெரிய யூ.எஸ்.பி. துளை கிடையாது. உங்கள் டோக்கனுக்கு எப்போதும் ஒரு மாற்றி தொங்கும். குடோனில் அது தொலையும். ப்ரோ 7, 7+ இரண்டிலும் பழைய பெரிய துளை ஒன்று, சி வகை ஒன்று. ப்ரோ வரிசையில் பெரிய துளை கடைசியாக இருந்தது 7+-இல்தான். மூடியும் அதில் இருக்கிறது, சிப் பதினோராம் தலைமுறை. 2021-க்குப் பிறகு வந்த சர்ஃபேஸ்களுக்கு ஃபர்ம்வேர், டிரைவர் ஆறு வருஷம் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, அதற்கு முன்பு வந்தவற்றுக்கு நான்குதான்.

இன்னொரு லாபம். ப்ரோ 3-இலிருந்து 7+ வரை டைப் கவர் (ஒட்டுகிற கீபோர்டு) ஒன்றுக்கொன்று பொருந்தும், ப்ரோ 3-க்கு மட்டும் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்தக் காந்த சார்ஜர் ப்ரோ 3-இலிருந்து ப்ரோ 11 வரை அதேதான், வாட் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் பழைய கீபோர்டு, சார்ஜர் தேடினால் கிடைக்கும். 2025-இல் வந்த 12 அங்குல ப்ரோவில்தான் அந்தக் காந்தத்தையே எடுத்துவிட்டு யூ.எஸ்.பி.-சி மட்டும் வைத்திருக்கிறார்கள். ராம் எந்த மாடலிலும் போர்டோடு ஒட்டியது, மாற்ற முடியாது. 8 ஜிபிக்குக் கீழே எடுக்காதீர்கள்.

பாகாயம்_ஹாஸ்டல்

கல்லூரி முடிந்து ஊருக்குப் போகிறவர்கள் மே மாதம் காட்பாடி பக்கம் நிறைய விற்பார்கள். அது வரை பொறுத்தால் விலை இறங்கும்.

மேல்விஷாரம்_லெட்ஜர்

மே வரை கழுத்து தாங்காது தம்பி.

சொல்லி முடித்துவிடுகிறேன். ப்ரோ 7+ எடுத்துவிட்டேன். ஐ5, 8 ஜிபி ராம், 128 ஜிபி எஸ்.எஸ்.டி. கடையிலேயே விளிம்பைத் தடவிப் பார்த்தேன், மூடியைத் திறக்கச் சொன்னேன். கடைக்காரர் என்னை இன்ஸ்பெக்டர் மாதிரி பார்த்தார். பேட்டரி அறிக்கை எடுக்கச் சொல்லி, முதலில் இருந்த கொள்ளளவில் எவ்வளவு மீதி என்று பார்த்து விலையைக் குறைத்தேன். கீபோர்டு 2017 மாடலோடு வந்த பழசு, சரியாக ஒட்டிக்கொண்டது. டோக்கன் நேராகச் செருகி வேலை செய்கிறது. குடோனில் ஒரு கையில் பிடித்துப் பேனாவால் எக்செலில் எண்ணை எழுதுவது மட்டும் இன்னும் பழகவில்லை.

128 ஜிபி பற்றாது என்று தெரியும். 512 போடலாமா, 2230-இல் எது வாங்கலாம்?

ஆபீசர்ஸ்லைன்_ஸ்க்ரூடிரைவர்

512 போதும், 2230 அளவா என்று மட்டும் பாருங்கள். நீளமான 2280 உள்ளே போகாது. கையடக்க விளையாட்டுக் கருவிகளுக்கும் இதே அளவு என்பதால் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. மாற்றுவதற்கு முன் பிட்லாக்கர் (டேட்டாவைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை எடுத்து வேறொரு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதியதில் விண்டோஸை ஏற்ற மைக்ரோசாஃப்ட் தளத்தில் உங்கள் சீரியல் எண்ணைக் கொடுத்தால் மீட்பு இமேஜ் இறங்கும், அதைப் பென்டிரைவில் போட்டு ஏற்றுங்கள். கடைக்கு எடுத்து வந்தாலும் சரி, இதை நீங்களே செய்துகொள்ளலாம்.

மட்டுறுத்துநர்

விலைப் பேரமும் கடைப் பெயர்களும் தனிமடலில் போகட்டும். எஸ்.எஸ்.டி. மாற்றும் முறைக்கு லெட்ஜர் படத்தோடு தனி இழை தொடங்கினால் இங்கே மேலே ஒட்டி வைக்கிறேன்.